கதைசொல்லி பொம்மை: கொச்சிட்டி முறையில், மண் பிசைவதிலிருந்து சுடுவது வரை

காலை நீட்டி உட்கார்ந்த ஒரு பெரியவர். தலை சற்று அண்ணாந்திருக்கும், கண் மூடியிருக்கும், வாய் திறந்திருக்கும். மடி, தோள், முதுகு, கையிடுக்கு என்று எங்கும் குழந்தைகள் தொற்றிக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாண்டா ஃபே நகருக்குத் தென்மேற்கே ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டியிருக்கும் கொச்சிட்டி என்ற, பியூப்லோ பூர்வகுடி மக்களின் ஊரில் பிறந்தது இந்தக் கதைசொல்லி பொம்மை.

மனித உருவங்களை மண்ணில் செய்வது கொச்சிட்டியில் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்த பழக்கம். குழந்தையை ஏந்திப் பாடும் தாயின் உருவமும் பழையதுதான். கதைசொல்லி பொம்மையை உருவாக்கிய ஹெலன் கொர்டேரோ (1915–1994) முதலில் தோல் வேலையும் மணி வேலையும் செய்தவர். கணவர் வழி உறவினரான ஹுவானிட்டா அர்கேரோவிடம் மண் வேலை பழகினார். சட்டி, கிண்ணம் எல்லாம் கோணலாக வந்ததால், உருவம் செய்து பாரேன் என்றார் ஹுவானிட்டா. அப்படிச் செய்தவற்றைப் பார்த்த நாட்டுப்புறக் கலைச் சேகரிப்பாளர் அலெக்சாண்டர் ஜிரார்டு, இன்னும் பெரிதாக, இன்னும் நிறையக் குழந்தைகளோடு ஒன்று செய்யக் கேட்டார். கொர்டேரோவுக்கு ஊரறிந்த கதைசொல்லியான தன் தாத்தா சான்டியாகோ கின்டானாவின் முகம் நினைவுக்கு வந்தது. 1964இல் ஐந்து குழந்தைகளோடு அவர் செய்த அந்த முதல் உருவம், சாண்டா ஃபேயிலுள்ள உலக நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாத்தா யோசிப்பதால் கண் மூடியிருக்கிறது, பாடுவதால் வாய் திறந்திருக்கிறது என்று அவரே விளக்கியிருக்கிறார். 1986இல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரிய விருது அவருக்குக் கிடைத்தது.

பின்னாளில் ஹேமெஸ், அகோமா, ஐலெட்டா, சாண்டா கிளாரா என்று மற்ற பியூப்லோ ஊர்களிலும் இதைச் செய்யத் தொடங்கினார்கள். பாட்டி, கரடி, ஆந்தை, தவளைகூடக் கதைசொல்லியாக உட்கார்ந்தன. கொர்டேரோவுக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. தன் ஊரில் இப்படிக் கதை சொல்பவர் ஆண்தான், இது தன் தாத்தாவின் உருவம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இது குறிப்பிட்ட குடும்பங்கள் இன்றும் செய்து, விற்று, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வடிவம். கொர்டேரோவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதைத் தொடர்ந்தார்கள். கொச்சிட்டியின் இன்னொரு குடும்பத்தில் லாரன்சிட்டா ஹெரேரா, மகள் செஃபெரினா ஓர்ட்டிஸ், பேரன் வெர்ஜில் ஓர்ட்டிஸ் என்று மூன்று தலைமுறை உருவ வேலை தொடர்கிறது. வெளியிலிருந்து வருகிறவர் செய்முறையைத் தாராளமாகக் கற்கலாம். தன் வீட்டுப் பெரியவரை, தன் வீட்டு உடையில், தன் வீட்டுக் குழந்தைகளோடு செய்யலாம். கொச்சிட்டிக் கோலங்களை நகலெடுத்து, பியூப்லோ பொம்மை என்று சொல்லி விற்கக் கூடாது. அமெரிக்காவில் அது 1990ஆம் ஆண்டின் இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி குற்றம் (இங்கே இந்தியர் என்றால் அமெரிக்கப் பூர்வகுடிகள்). தனிநபருக்கு முதல் முறையே 2,50,000 டாலர் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். சட்டி ஒரே உடம்பு. கதைசொல்லி பல உடம்புகளை ஒட்டிய ஒரே உடம்பு. ஐந்து குழந்தைகள் என்றால் இருபதுக்கும் மேற்பட்ட ஒட்டுகள் இருக்கும். ஒவ்வோர் ஒட்டிலும் இரண்டு பக்கத்து மண்ணும் ஒரே ஈரத்தில் இருந்தால் பொம்மை நிற்கும், இல்லையென்றால் பிளக்கும். கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதி ஈரத்தைப் பற்றித்தான் இருக்கும்.

மண்ணும் சேர்மானமும்

கொச்சிட்டிக் குடும்பங்கள் மண்ணைத் தங்கள் நிலத்திலிருந்தே எடுக்கின்றன. மண்ணைத் தாயாக எண்ணி, சோள மாவைத் தூவி வேண்டிக்கொண்டு, தேவையான அளவு மட்டும் எடுப்பது வழக்கம். மண் கிடைக்கும் இடங்களை வெளியாருக்குச் சொல்வதில்லை, கேட்பதும் முறையல்ல. பியூப்லோ நிலத்தில் அனுமதியின்றி ஒரு பிடி மண்கூட எடுக்கக் கூடாது. நீங்கள் இருக்கும் ஊர் மண்ணே உங்களுக்குப் போதும். தமிழ்நாட்டில் இருந்தால் குயவரிடம் பிசைந்த மண்ணாகவே வாங்கலாம். வெளிநாட்டில் இருந்தால் கடையில் குறைந்த சூட்டுக்குரிய சிவப்புக் களிமண் கேளுங்கள். அதிலும் சுட்ட மண்பொடி கலந்ததாகப் பார்த்து வாங்குவது நல்லது. வழவழப்பான மண் கைக்கு இதமாக இருக்கும், ஆனால் காயும்போது கைவிட்டுவிடும்.

20 சென்டிமீட்டர் உயரமும் ஐந்து குழந்தைகளும் உள்ள பொம்மைக்குப் பிசைந்த மண் ஏறக்குறைய 2 கிலோ பிடிக்கும். 2.5 கிலோ தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் புது மண் கரைத்தால் ஈரம் வேறாகிவிடும்.

தோண்டிய மண்ணாக இருந்தால் முதலில் சோதனை. காய்ந்த கட்டி ஒன்றின்மேல் வினிகர் சொட்டுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது, விட்டுவிடுங்கள். சுட்ட பிறகு சுண்ணாம்புத் துணுக்கு காற்றின் ஈரத்தை இழுத்து உப்பும். சில நாளோ சில வாரமோ கழித்து, நன்றாக இருந்த கன்னத்தில் வட்டமாக ஒரு சில்லு பெயர்ந்து விழும். அதற்கு மருந்து கிடையாது.

நுரைக்காத மண்ணை நன்றாகக் காயவைத்து உடைத்து, வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். காய்ந்த மண்தான் தண்ணீரில் சட்டென்று கரையும், அரை ஈர மண் கட்டியாகவே கிடக்கும். கலக்கி, மெல்லிய சல்லடையில் வடிகட்டி வேரையும் கல்லையும் நீக்குங்கள். தெளிந்த பிறகு மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, குழம்பைப் பழைய பருத்தித் துணியில் பரப்பினால் ஓரிரு நாளில் பிசையும் பதம் வரும்.

அடுத்தது சேர்மானம். கொச்சிட்டியில் எரிமலைப் பாறையிலிருந்து வரும் மெல்லிய மணலைச் சலித்துக் கலப்பார்கள். அகோமாவில் பழைய பானைகளின் ஓட்டாஞ்சில்லுகளை அரைத்துக் கலக்கிறார்கள். தாத்தா பாட்டி காலத்துப் பானை இப்படிப் பேத்தியின் பானைக்குள் போகிறது. தாவோஸ் என்ற பியூப்லோ ஊரின் மண்ணில் அபிரகம் (மைக்கா) இயல்பாகவே இருப்பதால் தனிச் சேர்மானம் வேண்டியதில்லை. சேர்மானம் மூன்று வேலை செய்கிறது: மண் சுருங்குவதைக் குறைக்கும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழிவிடும், திறந்த தீயின் திடீர்ச் சூட்டைத் தாங்க வைக்கும். உலர்ந்த அளவில் மண் மூன்று பங்கு, சலித்த நைஸ் மணலோ சுட்ட மண்பொடியோ ஒரு பங்கு என்று தொடங்கலாம். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும்.

அனுபவமுள்ளவர்களுக்குக் கையே அளவுகோல். புதியவர் இரண்டு சோதனை செய்துகொள்ளலாம். பென்சில் தடிமனில் மண்ணைத் திரியாக உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடித்தால் மணல் அதிகம் அல்லது ஈரம் குறைவு. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் மணல் போதவில்லை. அடுத்து, ஈர மண் பட்டை ஒன்றில் 10 சென்டிமீட்டர் கோடு கீறிக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு கோடு 9.3 அளவில் நின்றால் நல்ல மண். 9க்குக் கீழே போனால் இன்னும் சேர்மானம் வேண்டும்.

கலந்த மண்ணைக் காலால் மிதித்தோ கையால் அழுத்தியோ காற்றுக்குமிழி போகப் பிசைந்து, ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரமாவது வையுங்கள். புளித்த மண் வளையும், புது மண் முறியும்.

உடம்பு

அகலமான கிண்ணம் ஒன்றில் துணி விரித்துக்கொள்ளுங்கள். பியூப்லோ மக்கள் இந்தத் தாங்குகிண்ணத்தைப் பூக்கி என்பார்கள். மண்சக்கரம் இந்த மரபில் கிடையாது. 8 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மண் தட்டை கிண்ணத்தில் வைத்து, அதன் விளிம்பில் பெருவிரல் தடிமன் திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுங்கள். ஒவ்வொரு திரியையும் உள்பக்கம் கீழ்நோக்கியும் வெளிப்பக்கம் மேல்நோக்கியும் இழுத்துத் தேய்த்து ஒன்றாக்க வேண்டும். வெளியே மட்டும் வழித்துவிட்டு உள்ளே அப்படியே விட்டால், சுடும்போது திரி திரியாகப் பிரியும். சுரைக்குடுக்கை ஓட்டுத் துண்டால் வழிப்பது அங்குள்ள பழைய முறை. வளைந்த தேங்காய்ச் சிரட்டைத் துண்டும் அதே வேலையைச் செய்யும்.

மூன்று திரி ஏறியதும் நிறுத்தி, அரை மணி நேரம் இறுகவிடுங்கள். அவசரப்பட்டு ஐந்தாறு திரியை ஒரே மூச்சில் ஏற்றினால் வயிறு பிதுங்கி உட்கார்ந்துவிடும். அந்த இடைவெளியில் விளிம்பை மட்டும் ஈரத்துணியால் மூடிவையுங்கள், அடுத்த திரி அங்கேதான் ஒட்ட வேண்டும். உடம்பு 12 சென்டிமீட்டர் உயர்ந்ததும் தோளை உள்நோக்கிக் குறுக்கி, கழுத்தளவு துளை விட்டு நிறுத்துங்கள். அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவு ஒரு துளை கட்டாயம். மூடிய கூடு காயும்போது சுருங்க இடமில்லாமல் வெடிக்கும், சுடும்போது உள்ளே சிக்கிய நீராவி அதைச் சிதறடிக்கும்.

கால்களை 12 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள உருளைகளாக உருட்டி, முன்னோக்கி நீட்டி ஒட்டுங்கள். இவை அழகுக்காக மட்டும் இருப்பவை அல்ல. குழந்தைகளின் எடையால் பொம்மை முன்னால் சாயாமல் பிடிப்பவை இந்தக் கால்கள்தான். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த எந்தப் பகுதியையும் திடமாக விடாதீர்கள். ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் உள்பக்கத்திலிருந்து நீளவாக்கில் துளைத்து, அந்தத் துளை உடம்பின் வெற்றிடத்தோடு சேரும்படி செய்யுங்கள்.

தலையை 6 சென்டிமீட்டர் உருண்டையாகப் பிடித்து, அடியிலிருந்து பெருவிரலை விட்டுக் குடைந்து கூடாக்கி, சற்று அண்ணாந்தபடி கழுத்தில் வையுங்கள். மூக்கைக் கிள்ளி எழுப்பலாம். ஒட்டவைத்த மூக்கு பல நேரம் விழும். வாயை உருண்டைக் குச்சியால் உள்கூடு வரை துளைத்தால் அதுவே ஒரு காற்றுவழியாகும். கண்ணை இப்போது குடைய வேண்டாம், பிறகு கோடாகத் தீட்டலாம். கைகளைக் கடைசியாக வைத்து, உடம்போடு சேர்ந்தே வளையும்படி அமைப்பது நல்லது. வெளியே நீட்டிய கை முதலில் காயும், முதலில் உடையும்.

குழந்தைகள்

எல்லாக் குழந்தைகளையும் ஒரே அமர்வில், ஒரே மண்ணில் செய்யுங்கள். 4 முதல் 6 சென்டிமீட்டர் உயரம் போதும். உடம்பு 2 சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டாதவரை திடமாக இருக்கலாம். செய்ததை உடனே ஈரத்துணிக்கு அடியில் வையுங்கள். சிறியது என்பதால் கால் மணி நேரத்திலேயே குழந்தை காய்ந்துவிடும், பெரியவர் ஈரமாகவே இருப்பார். ஒட்டும் நேரத்தில் இருவரும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும்: நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. பெரியவர் அதிகம் இறுகியிருந்தால் ஒட்டும் இடத்தில் ஈரத்துணி வைத்து இரவு முழுக்கப் பிளாஸ்டிக்கில் மூடிவையுங்கள். தண்ணீரைத் தெளித்து அவசரமாக மென்மையாக்கினால் மேல்தோல் மட்டும் குழையும், உள்ளே இறுக்கம் அப்படியே இருக்கும். அந்த ஒட்டு நிற்காது.

ஒட்டும் முறை இது. இரண்டு பக்கத்தையும் ஊசியால் குறுக்கும் நெடுக்கும் ஆழமாகக் கீறுங்கள். அதே மண்ணைத் தயிர்ப் பதத்தில் கரைத்த குழம்பைத் தடவுங்கள். வைத்து, அழுத்தி, இலேசாக அசைத்துவிடுங்கள். மண் மண்ணைப் பிடிப்பது விரலுக்குத் தெரியும். பிறகு நூல் தடிமனில் ஒரு திரியை ஒட்டிய இடத்தைச் சுற்றிவைத்து இரு பக்கமும் இழைத்துவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குழம்பு மட்டும் போட்ட ஒட்டு காய்ந்ததும் ஒரு மயிரிழைக் கோடாகத் தெரியும், தீயில் அந்தக் கோடு வாய் பிளக்கும்.

குழந்தையின் வயிற்றுப் பக்கம் குழிவாகவும் பெரியவரின் மார்பு புடைப்பாகவும் இருந்தால் நடுவில் காற்று சிக்கும். ஒட்டுமுன் குழந்தையின் வயிற்றை மார்பின் வளைவுக்குப் பொருத்திப் பாருங்கள். சந்தேகமிருந்தால் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசித்துளை ஒன்று போட்டுவிடுங்கள்.

வரிசை மடியிலிருந்து தொடங்கட்டும். பிறகு கை, அப்புறம் முதுகு, கடைசியில் தோள். தோளில் ஏறும் குழந்தைதான் பார்க்க அழகு, உடம்பை அமுக்கிச் சரிப்பதும் அதுதான். தோள் இறுகாமல் ஏற்றினால் கழுத்து உள்ளே புதையும். துணிச் சுருள்களைக் கையிடுக்கில் முட்டுக்கொடுத்து வேலை செய்யுங்கள். ஒவ்வொரு குழந்தை ஏறியதும் பொம்மையைத் தட்டையான பலகையில் வைத்து, விரலால் மெல்லச் சாய்த்து எங்கே கனம் கூடுகிறது என்று பாருங்கள். முதுகில் இரண்டு பேர் இருந்தால் மடியிலும் இரண்டு பேர் வேண்டும்.

நல்ல கதைசொல்லியில் இரண்டு குழந்தைகள் ஒன்றுபோல் இருக்க மாட்டார்கள். ஒன்று தூங்கும், ஒன்று நாய்க்குட்டியை அணைத்திருக்கும், ஒன்று பெரியவரின் வாயையே பார்க்கும், ஒன்று பக்கத்துக் குழந்தையைத் தள்ளும். எண்ணிக்கையைக் கூட்டுவதில் புதியவர்களுக்கு ஆசை அதிகம். ஐந்தே நிறைய. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு ஒரு குழந்தை உருவம் செய்யக் கொடுங்கள். பியூப்லோ வீடுகளில் சிறுவர்கள் பெரியவர்களின் மேசையோரத்தில் ஓர் உருண்டை மண்ணோடு உட்கார்ந்துதான் இந்த வேலையைப் பழகுகிறார்கள். மண் எடுப்பது, விறகு சேர்ப்பது, தேய்ப்பது, தீட்டுவது என்று வேலையும் குடும்பத்துக்குள் பிரிந்துகொள்ளும்.

காய்தல்

பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கொடுங்கள். முதல் மூன்று நாள் தளர்வான பிளாஸ்டிக் உறைக்குள், பிறகு உறையைத் தினம் சிறிது திறந்து, கடைசியில் முழுக்க வெளியே. மின்விசிறி, வெயில், அடுப்பங்கரை மூன்றும் கூடாது. மெல்லிய கை, காது, குழந்தைகளின் தலை முதலில் காயும் என்பதால் அவற்றைத் தனியாக ஈரக் காகிதத்தால் சுற்றிவையுங்கள். அடிப்பகுதி பலகையில் ஒட்டிக்கொண்டால் சுருங்க முடியாமல் கிழியும், அதனால் கீழே செய்தித்தாள் விரித்து வையுங்கள்.

விரிசல் வருவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: கழுத்துச் சந்து, கையின் கீழ், குழந்தையின் இடுப்பு. பாதி உலர்ந்த நிலையில் கண்டால் கீறித் திறந்து, குழம்பும் மண்ணும் வைத்து அழுத்தி மீண்டும் மூடிவைக்கலாம். எலும்பாகக் காய்ந்த பிறகு கண்டால் பூசி மறைக்க வேண்டாம், தீயில் அது மீண்டும் திறக்கும். பொம்மையை வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிடுங்கள். சுடாத மண் ஒருபோதும் வீணாவதில்லை.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க அடிப்பகுதியைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அந்தத் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்குக் கெடுதல். வெளியில், நல்ல முகக்கவசத்தோடு தேயுங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பிழிந்த ஈரத்துணியால் தேய்த்தால் தூசி எழாது, நேரம்தான் கூடும்.

பூச்சும் தீட்டலும்

கொச்சிட்டிப் பொம்மைக்கு மூன்றே நிறம்: பாலேட்டு வெள்ளை, செம்மண் சிவப்பு, கறுப்பு. வெள்ளைப் பூச்சு பென்டோனைட் வகைக் களிமண். கல்லால் மெருகேற்றாமல் துணியாலேயே தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். சாண்டா கிளாராவின் கண்ணாடி மினுக்கம் கல்லால் தேய்ப்பதால் வருவது, அது வேறு முறை. பூச்சை மோர் போல் நீர்க்கக் கரைத்து, துணியில் தொட்டு, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது என்று நான்கைந்து முறை பூசுங்கள். ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் செதிலாக உரியும். கைரேகை எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது, கழுவிய கையோடு தொடுங்கள். சிவப்புக்குக் காவிமண்ணே போதும்.

கறுப்புதான் இந்த வேலையின் அதிசயம். குவாக்கோ என்று அங்கே சொல்லப்படும், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூப் பூக்கும் ஒரு காட்டுச் செடியின் இளந்தழையிலிருந்து அது வருகிறது. நம் நல்வேளை, நாய்வேளைச் செடிகளின் குடும்பம்தான் அது. தழையை நெடுநேரம் வேகவைத்து வடிகட்டி, சாறு பாகாகக் குறுகும்வரை காய்ச்சி, வில்லைகளாக உலர்த்தி வைப்பார்கள். வேண்டும்போது நீரில் கரைத்துத் தீட்டலாம். தீட்டும்போது அது பழுப்பாகத்தான் தெரியும். சுடும்போது பென்டோனைட்டில் ஊறிய சாறு கரியாகி அங்கேயே தங்கிக் கறுப்பாகிறது. சூடு அதிகமானாலோ நேரம் நீண்டாலோ அந்தக் கரியும் எரிந்து, கோடு மங்கிவிடும். தூரிகை யூக்கா என்ற செடியின் இலைக்கீற்று, நுனியை மென்று நார் பிரித்தது. நீளக் கோட்டுக்கு அதை மிஞ்சிய தூரிகை இல்லை.

மின்சூளையில் சுடப்போகிறவர்களுக்குத் தழைச்சாறு பயன்படாது. கடையில் கிடைக்கும் கறுப்பு அடிநிறத்தை (அண்டர்கிளேஸ்) வாங்கிக்கொள்ளுங்கள். மாங்கனீசு தூள் வாங்கித் தாமே கலக்க வேண்டாம், அதன் தூசியும் புகையும் நஞ்சு. மேல்மினுக்கமாகக் கண்ணாடிப் பூச்சு எதுவும் இந்த மரபில் கிடையாது.

கோடு தவறினால் துடைக்கக் கூடாது, பூச்சுக்குள் பரவும். காயவிட்டு, கத்தி முனையால் சுரண்டி, பூச்சு வைத்துத் திரும்பத் தீட்டுங்கள். முகம் கடைசி வேலை. கண்ணுக்கு மூடிய இமையின் ஒற்றை வளைவுக் கோடு போதும்.

சுடுதல்

திறந்த தீயில் சுட விரும்பினால் காற்றில்லாத விடியற்காலையைத் தேர்ந்தெடுங்கள். காற்று ஒரு பக்கமாக அடித்தால் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் பச்சையாக நிற்கும், விரிசலும் விழும். உள்ளூர்த் தீ விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் முதலில் சிறு தீ மூட்டி நிலத்தைக் காயவைக்க வேண்டும்.

பொம்மையைச் சமையலறை ஓவனில் 90 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, பிறகு மெதுவாக 200 டிகிரி வரை ஏற்றுங்கள். 100 டிகிரியைத் தாண்டும்போது ஈரம் மிச்சமிருந்தால் அது நீராவியாகி உடைக்கும். "வெடித்துவிட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தப் படியைச் சுருக்கியதால் வருபவை.

நான்கு செங்கல்மேல், தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் இரும்புக் கம்பித் தட்டு வையுங்கள். அடியில் மெலிதாகப் பிளந்த விறகு. கொச்சிட்டிப் பக்கம் ஜூனிபர் மரத்தைச் சீடர் என்று சொல்லி எரிப்பார்கள். சூடாக இருக்கும்போதே பொம்மையைத் தட்டில் ஏற்றி, சுற்றிலும் மேலேயும் பழைய தகரத்தையும் ஓட்டாஞ்சில்லுகளையும் சார்த்துங்கள். எரிபொருள் பொம்மையைத் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் கரும்புகைத் திட்டு விழும். அதற்கு வெளியே முழுக்க உலர்ந்த வறட்டிகளைச் செங்குத்தாக அடுக்கிக் கூடுபோல் மூடுங்கள். ஈர வறட்டி புகையைத்தான் தரும், பொம்மை சாம்பல் நிறமாகிவிடும்.

அடியில் பற்றவைத்தால் அரை மணி முதல் முக்கால் மணிக்குள் தீ உச்சத்துக்கு வரும். சூடு 700 முதல் 800 டிகிரி. மொத்தம் ஒன்றரை மணி நேரத்தில் வறட்டி வெண்சாம்பலாகிவிடும். கூடு இடையில் சரிந்து திறந்தால் நீளக் கம்பால் ஒரு வறட்டியைத் தள்ளி மூடுங்கள், அருகில் போகாதீர்கள். குளிரும்வரை பிரிக்கக் கூடாது. செஞ்சூட்டில் இருக்கும் பொம்மைமேல் குளிர்காற்று பட்டால் "டிங்" என்று ஓர் ஓசை கேட்கும். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

சுட்டதை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாக வெந்திருக்கிறது. மொத்தையாகக் கேட்டால் எங்கோ விரிசல் அல்லது வேக்காடு போதவில்லை.

மின்சூளைக்கு: 95 டிகிரியில் ஆறு மணி நேரம் நிறுத்துங்கள். 600 டிகிரி வரை மணிக்கு 60 டிகிரி வீதம், பிறகு மணிக்கு 100 வீதம். கடை மண்ணுக்குப் பெரும்பாலும் 1000 டிகிரி சரியாக இருக்கும், மண் பொட்டலத்தில் போட்ட அளவைப் பின்பற்றுங்கள். மண்ணோடு வேதியியலாகப் பிணைந்த நீர் 600 டிகிரிக்குள்தான் வெளியேறுகிறது, 573 டிகிரியில் மணலின் குவார்ட்ஸ் திடீரென்று விரிகிறது. இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது, குளிரும்போதும் அப்படியே. 80 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு மூடியைத் திறவுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு

அசலைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இந்த வடிவம் முழுக்கப் புரியாது. சாண்டா ஃபேயில் ஆளுநர் மாளிகைத் தாழ்வாரத்தில் உரிமம் பெற்ற பூர்வகுடிக் கைவினைஞர்கள் தாங்களே உட்கார்ந்து விற்கிறார்கள். ஆகஸ்டில் நடக்கும் சாண்டா ஃபே இந்தியச் சந்தை 1922இல் தொடங்கியது. அல்புகெர்க்கியில் பியூப்லோ இந்தியப் பண்பாட்டு மையம் இருக்கிறது. கொச்சிட்டி ஊருக்குள் படம் எடுக்கவும் வரையவும் தடை. கைபேசியை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். ஜூலை 14 ஊர்த் திருவிழா, பொதுவாக வெளியாரும் பார்க்கலாம். ஆனால் நடனம் அங்கே வழிபாடு, கைதட்டக் கூடாது.

பொம்மையைத் திருப்பி அடியைப் பாருங்கள். செய்தவர் பெயரும் ஊரும் இருக்கும். அச்சில் வார்த்ததாக இருந்தால் உள்சுவர் எங்கும் ஒரே தடிமனில் வழவழப்பாக இருக்கும், பக்கவாட்டில் அச்சுக்கோடு தேய்த்த தடம் தெரியும். கையால் செய்ததில் உள்ளே விரல் தடம் இருக்கும். மண் எங்கிருந்து வந்தது, சாயம் எது, எதில் சுட்டது என்று விற்பவரிடம் கேட்கலாம். கடை மண்ணிலும் மின்சூளையிலும் செய்கிற பியூப்லோ கலைஞர்களும் உண்டு. அது குற்றமில்லை, ஆனால் அதற்கேற்ற விலை இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பொம்மையைத் தண்ணீரில் கழுவாதீர்கள். இது குறைந்த சூட்டில் வெந்த, நீரை உறிஞ்சும் மண். வெள்ளைப் பூச்சு குழைந்து கோடுகள் கலங்கிவிடும். தூசியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். தூக்கும்போது ஒரு கை அடியிலும் ஒரு கை முதுகிலும் இருக்கட்டும். குழந்தைகளைப் பிடித்துத் தூக்கக் கூடாது.